நீல்ஹாட் மாளிகையும் ஒரு பழைய மேசையும்

கல்கத்தாவில் டல்ஹௌசி சதுக்கத்திற்கு அருகே, ஆர். என். முகர்ஜி சாலையில் நீல்ஹாட் மாளிகை என்றொரு கட்டடம் உண்டு. 'நீல்' என்பது அவுரிச் சாயம். 'ஹாட்' என்பது சந்தை. அவுரி வாணிகம் ஓய்ந்து, தேயிலை வாணிகம் தழைத்த பின்னரும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. அலுவலகத்திற்குச் செல்லும் வழியில் அதனைக் கடக்கும்போதெல்லாம், அங்கே ஒரு காலத்தில் ஒலித்த ஏலக் குரல்களைப் பற்றி எண்ணாமல் இருக்க நம்மால் இயல்வதில்லை.

அஸ்ஸாம் தேயிலை முதன்முதலில் ஏலம் போனது 1839-இல், லண்டன் மாநகரில். கல்கத்தாவில் தேயிலை ஏலம் தொடங்கியது 1861-இல். ஏலத்திற்கு முன்னரே ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தரகரும் வாங்குவோரும் வடித்துச் சுவைத்துப் பார்ப்பர். தாம் மதித்த விலையைப் பட்டியலின் ஓரத்தில் குறித்துக்கொள்வர். ஏல நாளன்று மேடையிலிருப்பவர் தொகுதியின் எண்ணைக் கூறுவார். மண்டபத்திலிருந்து குரல்கள் எழும். சுத்தியல் விழுந்ததும் பேரம் முடியும்.

இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கணிப்பொறி ஏலம் புகுந்தது. டார்ஜீலிங் தேயிலை மட்டும் நெடுநாள் பழைய முறையை விடாது பற்றியிருந்து, 2016-இல் அதுவும் மாறியது. இப்போது வாங்குபவர் தம் உச்ச விலையை முன்னரே பதிந்துவிடலாம். அந்த எல்லை வரையில் பொறியே படிப்படியாக ஏற்றிக் கேட்கும். சுவைப்பது மட்டும் இன்றும் மனித நாக்குத்தான்.

தேயிலைத் தரகு நிலையமொன்றில் கணக்கராயிருந்து ஓய்வு பெற்ற நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் ஒருநாள் சொன்னார்: "தம்பி, சுத்தியல் போனதில் எனக்கு வருத்தமில்லை. எதிரே இருப்பவன் முகம் போயிற்றே, அதுதான்."

அச்சொல்லின் பொருள் அன்று நமக்கு விளங்கவில்லை. அதனை விளக்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இந்நகரத்தில் பழைய பொருள்களைக் கூவி விற்கும் ஏலக்கடைகளுக்கு ரஸ்ஸல் வீதி பேர்பெற்றது. பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கும் மகளுக்கு ஒரு மேசை தேவையாயிருந்தது. மூவாயிரம் ரூபாய்க்கு மேற் போவதில்லை என்று இல்லத்தரசியுடன் முடிவு செய்துகொண்டே அங்கு புறப்பட்டோம். தேக்கு மேசை ஒன்று ஏலத்திற்கு வந்தது. நம்முடன் கேட்டுவந்த முதிய வணிகர் ஒருவர் மூவாயிரத்தில் தலையை அசைத்து நின்றுவிட்டார். எதிரே ஓர் இளைஞர் நிற்கவில்லை, நாமும் நிற்கவில்லை. இல்லத்தரசி கையைப் பற்றி இழுத்ததும் உறைக்கவில்லை. நாலாயிரத்து அறுநூறில் சுத்தியல் விழுந்தபோது வெற்றி நமதாயிற்று. அம்மாதத்து மளிகைப் பணமும் அதனோடு போயிற்று.

முதியவர் அருகே வந்தார். "தாதா, பின்கால் ஒன்று வேறு மரம், உள்ளே கறையான் அரித்திருக்கிறது. நேற்றே வந்து பார்த்திருக்கலாமே? நான் நின்றதையாவது கவனித்திருக்கலாமே?" என்றார்.

பெரியவர் சொன்ன 'முகம்' எது என்று அப்போதுதான் அறிந்தோம். பொருளறிந்த ஒருவர் எந்த விலையில் நிற்கிறார் என்பதைக் கூடத்திலுள்ள அனைவரும் காணலாம். அது இலவசமாய்க் கிடைக்கும் பாடம். திரையில் தொகை தெரியும், தலையசைப்பு தெரியாது.

ஆயினும் பொறியைப் பழிப்பது முறையன்று. கூவி விடும் ஏலத்தில் உள்ளூர் வணிகர் சிலர் கூடிப் பேசி, ஒருவர் கேட்க மற்றவர் வாய்மூடி நிற்பது பழைய நோய். இன்று நமது இரயில்வேயின் பழைய இரும்பு கணிப்பொறி வழியே ஏலம் போகிறது. வெளியூர் வணிகரும் தம் கடையில் இருந்தபடியே கேட்கிறார். அங்கே முகம் பார்த்து அஞ்சுவோரும் இல்லை. முகத்திற்காக வீம்பு கொள்வோரும் குறைவு. பொறி முதலிலேயே கேட்கும் 'உன் எல்லை எது?' என்னும் வினாவை நாம் நமக்குள் கேட்டுக்கொண்டதோடு சரி. விடையைக் காக்கத் தவறினோம்.

மேசை வீட்டில் இருக்கிறது. அரித்த காலை மாற்றத் தச்சருக்கு அறுநூறு ரூபாய் கொடுத்தோம். மகள் அதில்தான் படிக்கிறாள். இனி ஏலத்திற்குச் செல்வதாயின் முதல்நாளே சென்று பொருளைப் புரட்டிப் பார்ப்பதென்றும், பணப்பையை இல்லத்தரசியிடம் ஒப்படைத்துவிட்டே கூடத்தில் அமர்வதென்றும் முடிவு செய்துள்ளோம். அன்பர்களும் அவ்வாறே செய்வார்களாக.