குறைக்க வேண்டிய துக்கம், கூட்ட வேண்டிய துக்கம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

வரலாற்றில் வரும் ஆண்டுகளைப் பிள்ளைகள் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுவார்கள். பாடம் நடத்திய எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் இரண்டு ஆண்டுகளை ஒரு சமூகம் இன்றுவரை மறக்கவில்லை. கி.மு. 586இல் பாபிலோனியர்கள் ஜெருசலேமின் முதல் ஆலயத்தை இடித்தார்கள். கி.பி. 70இல் ரோமானியர்கள் இரண்டாம் ஆலயத்தை எரித்தார்கள். யூதர்கள் இந்த இரண்டுக்கும் சேர்த்து ஆண்டுதோறும் மூன்று வாரம் துக்கம் காக்கிறார்கள். இன்றைய அரசியலைப் பேச நான் வரவில்லை. அந்தத் துக்கத்தை அவர்கள் எப்படிக் காக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அவர்களுடைய நாட்காட்டியில் தம்மூஸ் மாதம் 17ஆம் நாள் தொடங்கி ஆவ் மாதம் 9ஆம் நாள் வரை இந்தக் காலம். நமக்கு அது ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வரும். 'இடுக்குகளுக்கு நடுவே' என்று பொருள்படும் ஒரு பெயரும் இதற்கு உண்டு. ஜெருசலேமின் மதில் உடைந்ததை நினைத்துத் தம்மூஸ் 17 அன்று விடியலிலிருந்து இரவு வரை நோன்பு இருக்கிறார்கள். ஆலயம் வீழ்ந்த நாள் ஆவ் 9. மதிலில் விழுந்த உடைப்பு ஆலயம் வரை வந்து சேர எடுத்த நாட்களை அவர்கள் ஒவ்வொன்றாகக் கடக்கிறார்கள்.

இதில் படிகள் இருக்கின்றன. முதல் கட்டத்தில் திருமணம் கிடையாது, இசைக் கச்சேரி கிடையாது. ஐரோப்பிய வழி யூதர்கள் முடி வெட்டிக்கொள்வதும் இல்லை. ஆவ் மாதம் பிறந்ததும் அடுத்த கட்டம். ஓய்வுநாளான சனிக்கிழமை தவிர மற்ற நாட்களில் இறைச்சியும் திராட்சை ரசமும் விலக்கு. துணி துவைப்பதில்லை, புதுத்துணி உடுத்துவதில்லை, சுகத்துக்காகக் குளிப்பதில்லை. ஸ்பெயின் வழி வந்தவர்களும் ஏமன் நாட்டு யூதர்களும் இவற்றில் பலவற்றை இவ்வளவு கடுமையாகக் கொள்வதில்லை. ஊருக்கு ஊர் வழக்கம் மாறும்.

ஒன்பதாம் நாளுக்கு முந்தைய மாலை, நோன்புக்கு முன் கடைசி உணவு. தரையில் உட்கார்ந்து, ரொட்டியும் அவித்த முட்டையும் சாம்பலில் சிறிது தொட்டுச் சாப்பிடுவது வழக்கம். பிறகு சுமார் 25 மணி நேரம் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. தோல் செருப்பு போடக் கூடாது. ஒருவரை ஒருவர் பார்த்தால் நலம் விசாரிக்கவோ வணக்கம் சொல்லவோ கூடாது. தொழுகைக் கூடத்தில் விளக்கைக் குறைத்துவிட்டுத் தரையில் அமர்ந்து புலம்பல் நூலை வாசிக்கிறார்கள். 1096இல் சிலுவைப் போர்க்காரர்கள் ரைன் நதிக்கரை ஊர்களில் யூதர்களைக் கொன்றதைப் பற்றிய ஒப்பாரிப் பாடல்களும் அன்று உண்டு. பின்னால் வந்த துயரங்களும் அந்த ஒரே நாளில் வந்து சேர்ந்துகொண்டன.

ஆசிரியராக என்னை நிறுத்தி யோசிக்கவைத்த விதி ஒன்று உண்டு. அன்று வேதம் படிக்கக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாடம் கிடையாது. காரணம், படிப்பு மனதுக்கு மகிழ்ச்சி தரும் என்பது! யோபு, புலம்பல், எரேமியாவின் சோகப் பகுதிகள் மாதிரியானவற்றை மட்டும் படிக்கலாம். பள்ளி விடுமுறை என்றால் துள்ளிக் குதிக்கும் பிள்ளைகளைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். பாடம் இல்லாததைத் துக்கத்தின் அடையாளமாக வைத்த ஒரு சமூகம், படிப்பை எந்த இடத்தில் வைத்திருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. ஒரு வீட்டில் சாவு நடந்தால் யூதர்களின் முறை வேறு மாதிரி. முதல் 7 நாள் வீட்டை விட்டு வெளியே போகாமல் தாழ்வான இருக்கையில் அமர்ந்திருப்பார்கள். 30 நாள் வரை சற்றுத் தளர்வான கட்டுப்பாடுகள். தாய் தந்தைக்கு மட்டும் 12 மாதம், அது இன்னும் தளர்வானது. அதாவது துக்கம் உச்சத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்குகிறது. ஆலயத்துக்கான துக்கமோ லேசாகத் தொடங்கிப் படிப்படியாக மேலே ஏறுகிறது. அமெரிக்காவில் வாழ்ந்த ஜோசப் சோலவேச்சிக் என்ற யூத அறிஞர் இதை அழகாக விளக்கியிருக்கிறார். புதுத் துக்கம் தானாகவே பொங்கும், அதைக் கைப்பிடித்து இறக்கிவிட வேண்டும். பழைய துக்கம் தானாக வராது, கைப்பிடித்து ஏற்றிவிட வேண்டும். அவர் சொன்னதன் சாரம் இது.

இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் கணவர் தவறி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மூன்றாம் மாதம் நான் கலர் புடவை கட்டியபோது "அதுக்குள்ளயா?" என்றார்கள். ஒரு வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் என் கண் கலங்கியபோது "இன்னுமா?" என்றார்கள். இரண்டையும் சொன்னது கிட்டத்தட்ட ஒரே ஆட்கள்தான். யூதச் சட்டத்தில் கணவனுக்கோ மனைவிக்கோ 30 நாளோடு துக்கம் முடிகிறது. 30 நாளில் மனது ஆறுமா? ஆறாது. ஆனால் அதற்குப் பிறகு நல்ல துணி உடுத்த யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதற்கு முன்னால் "எழுந்து வேலையைப் பார்" என்று யாரும் விரட்டவும் முடியாது. கணக்கு வைத்திருப்பது துக்கப்படுகிறவளைக் காப்பாற்றத்தான் என்று எனக்குப் புரிந்தது.

தல்மூதில் ஒரு சம்பவம் வருகிறது. இரண்டாம் ஆலயம் எரிந்த பிறகு பலர் இறைச்சியும் ரசமும் இனித் தொடுவதில்லை என்று இருந்தார்களாம். ரப்பி யோசுவா அவர்களிடம் காரணம் கேட்டார். பலிபீடத்தில் வைத்தவை இவை, பீடமே போன பிறகு எப்படித் தொடுவது என்றார்கள். அப்படியானால் ரொட்டியும் ஆலயத்தில் படைக்கப்பட்டது, பழமும் படைக்கப்பட்டது, தண்ணீரும் அங்கே வார்க்கப்பட்டது, எல்லாவற்றையும் விட்டுவிடுவீர்களா என்று கேட்டார். அவர்களிடம் பதில் இல்லை. துக்கப்படாமலே இருக்கவும் முடியாது, அளவுக்கு மீறித் துக்கப்படவும் முடியாது என்று சொல்லி ஒரு வழி காட்டினார். வீடு கட்டிப் பூசுங்கள், ஒரு சிறு பகுதியை மட்டும் பூசாமல் விடுங்கள். இன்றும் பக்தியுள்ள சில வீடுகளில் வாசலுக்கு எதிரே ஒரு முழச் சதுரம் சுவர் பூசாமல் இருக்கும். யூதத் திருமணத்தில் மணமகன் கண்ணாடிக் குவளையை மிதித்து உடைப்பதும் இந்த நினைவுக்கே என்கிறார்கள்.

ஆலயம் ஏன் அழிந்தது என்ற கேள்விக்கும் அவர்கள் ரோமானியரை மட்டும் கைகாட்டிவிட்டு நிற்கவில்லை. காரணமற்ற பகையால் அழிந்தது என்று தல்மூது சொல்கிறது. அதற்கு ஒரு கதையும் உண்டு. விருந்து வைத்த ஒருவன் தன் நண்பன் கம்ஸாவை அழைக்க ஆள் அனுப்பினான். வேலையாள் தவறிப்போய் அவனுடைய பகைவன் பார் கம்ஸாவை அழைத்துவந்துவிட்டான். வெளியே போ என்றான் விருந்துக்காரன். அவமானப்படுத்தாதே, என் சாப்பாட்டுக்குப் பணம் தருகிறேன் என்றான் வந்தவன். மறுத்தான். பாதி விருந்தின் செலவைத் தருகிறேன், முழுச் செலவையும் தருகிறேன் என்றபோதும் மறுத்து, இழுத்து வெளியே தள்ளினான். அங்கே இருந்த அறிஞர்கள் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தார்கள். அந்த ஆத்திரத்தில் அவன் ரோமானியரிடம் போய்க் கோள் சொன்னான் என்று கதை போகிறது. இதில் எனக்கு உறைத்தது தள்ளியவனின் கோபத்தைவிட, பெரியவர்களின் மௌனம்தான். வகுப்பறையிலும் ஆசிரியர் அறையிலும் அந்த மௌனத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஒன்பதாம் நாள் நண்பகலுக்கு மேல் நாற்காலியில் உட்காரலாம். மறுநாள் நண்பகலோடு மற்ற கட்டுப்பாடுகளும் தளர்கின்றன. அடுத்த ஏழு ஓய்வுநாட்களிலும் ஆறுதல் தரும் தீர்க்கதரிசனப் பகுதிகளை வாசிக்கிறார்கள். துக்கம் மூன்று வாரம், ஆறுதல் ஏழு வாரம். இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது.

சாவு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். "அதுக்குள்ளயா", "இன்னுமா" இரண்டையும் வாசலுக்கு வெளியே விட்டுவிட்டுப் போங்கள். உங்கள் குடும்பத்தில் துக்கத்துக்கு என்ன முறை வைத்திருந்தார்கள், அதில் எது உங்களைத் தாங்கியது, எது வருத்தியது என்று கீழே எழுதுங்கள்.