இரண்டு முகடுகளுக்கு நடுவே

வண்ணப்பிரிகைக் குழாயில் இரு பொருள்கள் பிரிந்து வெளியேறினால் வரைபடத்தில் இரண்டு முகடுகள் தெரியும். வழியிலேயே ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டிருந்தால் நடுவில் ஒரு மேடு எழும்பும். அதன் உயரத்திலிருந்து வினையின் வேகத்தைக் கணக்கிடலாம் என்றார் எங்கள் கல்லூரி வேதியியல் ஆசிரியை.

தமிழ் படித்த எனக்குச் சிவகாசியின் மருந்து அறைகள்தான் நினைவுக்கு வந்தன. பச்சை உப்பும் அலுமினியத் தூளும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் வினை மெல்லத் தொடங்கும். சூடு வெளியேறாவிட்டால் வேகம் கூடும், தீப்பிடிக்கும்.

2018இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடைசெய்தது, காற்றுக்காக. அங்கும் கணக்கில் இரண்டு முகடுகளே: உள்ளே வரும் உப்பு, வெளியே எழும் புகை. நடுவில் இருப்பவை பெண்களின் கைகள். அவற்றின் வேகத்தை பீஸ் ரேட் கூலி தீர்மானிக்கிறது.

‘மருந்து சூடேறுது’ என்று ஒருத்தி சொன்னால் அதுவும் அளவீடுதான். அவள் சொல்லுக்கு வேலை நிற்க வேண்டும். கூலி நிற்கக் கூடாது.