ஐயறிவும் ஆறறிவும்

உயிர்களை அவற்றின் புலன்களைக் கொண்டு வகுத்துக் காட்டிய பெருமை நம் தமிழுக்கு உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல், தொட்டு உணரும் ஓரறிவு தொடங்கி, மனத்தால் உணரும் ஆறறிவு ஈறாக உயிர்களை நிரல்படுத்துகிறது. எறும்புக்கு மூன்று, நண்டுக்கு நான்கு, விலங்குக்கு ஐந்து, மக்களுக்கு ஆறு என்பது அந்நூலின் கணக்கு. இளமையில் இதனைப் பாடமாகப் படித்த நாம், பிழைப்பு நாடிப் பம்பாய்க்கு வந்து, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழ்ந்து, இன்று கோபர்கைரனேயில் குடியிருக்கிறோம். தாணே கழியின் கரையில் நிற்குந்தோறும் அப்பழம் பாடம் நம் நினைவுக்கு வருகிறது.

கழிச்சேற்றில் ஓடும் நண்டைப் பாருங்கள். நாம் ஓரடி எடுத்து வைத்தால், நில அதிர்வைக் கால்களாலேயே உணர்ந்து வளைக்குள் மறைகிறது. அந்தி சாய்ந்தபின் தெருவிளக்கைச் சுற்றும் சிறு வௌவாலோ, நம் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியால் பூச்சி இருக்குமிடத்தை அறிகிறது. வௌவால் அத்தகைய ஒலியை எழுப்புவதை 1938-இல் கிரிபின், பியர்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் கருவி கொண்டு மெய்ப்பித்தனர். தேனீயின் கண்ணுக்குப் புற ஊதா ஒளி புலனாகிறது. வலசை போகும் பறவைகளுள் சில, புவியின் காந்தப்புலத்தையும் உணர்கின்றன. ஐம்புலன் என்னும் எல்லைக்குள் இவை அடங்குமா என்னும் ஐயம் எழுகின்றது அன்றோ?

சென்ற பருவத்தில் சங்கத்துக் குடும்பங்கள் சில, பூநாரைகளைக் காணக் கழிக்கரை சென்றோம். தலையைக் கவிழ்த்து, நாவினால் நீரை இழுத்துத் தள்ளி, அலகின் ஓரத்துச் சல்லடையில் பாசியை வடித்து அவை உண்டன. அதைக் கண்ட சிறுமி ஒருத்தி, “தாத்தா, இந்த மூக்கை யார் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தார்கள்?” என்று வினவினாள். உடன் வந்த பெரியவர், “குடம் உண்டென்றால் குயவனும் உண்டல்லவா, அம்மா?” என்றார்.

இது பழைய வாதமே. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நியாய நூலார் உதயணர், உலகம் ஒரு காரியம் ஆதலின் அதற்குக் கர்த்தா வேண்டும் என்றார். 1802-இல் இங்கிலாந்தின் பேலி பாதிரியார் குடத்துக்குப் பதிலாகக் கடிகாரத்தைக் காட்டினார். இளமையில் பேலியின் நூலை வியந்து படித்த டார்வினே, 1859-இல் வேறு விடை கண்டார்: சிறு சிறு வேறுபாடுகளுள் பயன் தருவன நிலைத்து, தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து, இத்தகைய அலகும் செவியும் அமைகின்றன என்பது அது.

நாம் இருபுறமும் எண்ணிப் பார்த்தோம். வௌவாலின் ஒலியைக் கேட்டு விலகிப் பாயும் செவி விட்டில்களுள் சிலவற்றுக்கு உண்டு. வேட்டுவனுக்கும் இரைக்கும் ஒரே கை எதிரெதிர்ப் படைக்கலம் வழங்கியது என்பதைவிட, போட்டியில் இரண்டும் வளர்ந்தன என்பதே பொருந்துகிறது. நம் கண்ணில் நரம்பிழைகள் ஒளியுணரும் அணுக்களுக்கு முன்னே படர்ந்து, ஒரு துளை வழியே பின்செல்வதால், அவ்விடம் குருடாகிறது. நாம் சந்தையில் வாங்கும் கணவாய்க்கோ நரம்பு பின்புறம் அமைந்தமையால் அக்குறை இல்லை. வரைந்து செய்தவர் மனிதனுக்கு ஏன் இவ்வாறு செய்தார்? வந்த வழியின் தழும்பு அது என்று கொண்டால் விளங்குகிறது.

இதனால் இறைவன் இல்லை என்று நாம் கூற வரவில்லை. பூநாரையின் அலகை நம்பி நிற்கும் பக்தி வலியுடையது அன்று. அது வேறு நிலத்தில் வேரூன்ற வேண்டும் என்பதே நம் கருத்து. சிறுமிக்கும் அதனையே எளிய சொற்களில் கூறினோம். பெரியவர் முற்றும் உடன்பட்டாரல்லர். ஆயினும் முகம் சுளிக்கவில்லை.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. கழிவுநீரால் பாசி பெருகியதே இப்பறவைகள் இங்குத் திரளக் காரணம் என்று பறவையியலார் சிலர் கருதுகின்றனர். அங்ஙனமாயின் பந்தி விரித்தவர் நாமே! 2015-இல் கழியின் ஒரு பகுதி பூநாரைச் சரணாலயமாயிற்று. 2022-இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. எனினும் 2024 மே மாதத்தில், காட்கோபர்ப் பகுதியில் விமானம் மோதி 39 பூநாரைகள் மாண்டன. அலையாத்திக் காடுகளின்மேல் மண்ணும் குப்பையும் கொட்டப்படுகின்றன.

படைத்தவர் யார் என்னும் வழக்கு எந்நாளும் நடக்கட்டும். காக்க வேண்டியவர் யார் என்பதில் வழக்கில்லை. ஆறாம் அறிவு உடையோம் என்று தொல்காப்பியர் காலம் முதல் எண்ணப்பட்டவர் நாமே. வரும் குளிர்காலத்தில் அன்பர்கள் தம் பிள்ளைகளைக் கழிக்கரைக்கு அழைத்து வருவாராக. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையுடன் விடை கூறுவாராக.