வீட்டு வண்டியும் ஒரு ஜோடிக் காலுறையும்

எங்கள் வீட்டுக்காரர் லாரியை விட்டு இறங்கி ஆறு வருஷம் ஆகியும் அவருடைய இரண்டு கைகளும் இன்னும் ஸ்டீரிங்கைப் பிடித்த பாவனையிலேயே இருக்கும். சோற்றுத் தட்டைக்கூட இரு கையாலும் பிடித்து, ஒரு முறை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட ஆரம்பிப்பார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் காலையில் பூலாம்பாடியில் எங்கள் வாசலில் ஒரு பழைய வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, "இந்தா, இனிமேல் இதுதான் நம் வீடு" என்றார்.

"அப்போ இது?" என்று நான் திண்ணையைத் தட்டிக் காட்டினேன்.

"இது நிற்கிற வீடு. அது ஓடுகிற வீடு."

ஓடும் என்றுதான் அவர் சொன்னார். அது ஓடாமல் நின்ற இடங்களைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

தச்சரை வைத்து உள்ளே ஒரு கட்டில் அடித்தார். கட்டிலுக்கு அடியில் இரண்டு டிரங்குப் பெட்டிகள், பின்னால் காஸ் அடுப்பு, மேலே தண்ணீர்த் தொட்டி. பூட்டு, விளக்கு, ஜன்னலுக்குத் திரை எல்லாம் வந்தன. நான் என் பங்குக்குக் குக்கர், இட்லிப் பானை, புளிக்காய்ச்சல் ஒரு ஜாடி, செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம் அரை மூட்டை ஆகியவற்றை ஏற்றினேன். அக்கம்பக்கத்தில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்தவர்கள் உண்டு. ஆனால் வீட்டைத் தூக்கிக்கொண்டு வடக்கே போகிறவர்கள் நாங்கள்தான் முதல் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். அவள் சொன்னதில் மெச்சுதலைவிடக் கவலைதான் அதிகம் இருந்தது.

எங்கே போகிறோம் என்கிறீர்களா? லே! லடாக்கிலே இருக்கிறதே, அந்த லேதான். எங்கள் ஊரில் நிமிர்ந்து பார்த்தால் பச்சைமலை தெரியும். அதற்கு மேல் ஒரு மலையை நான் கண்டதில்லை. "உனக்குப் பனியைக் காட்டுகிறேன்" என்று கல்யாணமான புதிதில் அவர் சொன்ன வாக்கு முப்பத்தெட்டு வருஷமாகப் பாக்கி நின்றது.

அந்தப் பாக்கியோடு இன்னொரு கணக்கும் உண்டு. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

1988-ம் வருஷம் புரட்டாசியில் எங்கள் மூத்த பெண் பிறந்தாள். தலைப்பிரசவம். அவர் குலு பக்கம் ஆப்பிள் ஏற்றப் போயிருந்தார். பத்து நாளில் வருகிறேன் என்றவர் குழந்தை பிறந்து 19 நாள் கழித்து, தாடியும் மீசையுமாக வந்து நின்றார். மலை சரிந்ததாம், பஞ்சாபில் வெள்ளமாம், லாரியோடு மாட்டிக்கொண்டாராம். கையில் ஒரு பொட்டலம். பிரித்தால், குழந்தைக்கு ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறை! சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாய்க் கட்டம் கட்டமாக, பொடிப் பொடியாக, கையால் பின்னியது. கடைச் சீட்டு ஒன்றும் அதில் இல்லை.

"யார் பின்னினது?" என்றார் என் மாமியார்.

"ஒரு கிழவி."

"எந்தக் கிழவி?"

"ரோட்டோரத்துக் கிழவி."

கூடி இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். லாரி ஓட்டுகிறவனுக்கு வடக்கே ஒரு குடும்பம், தெற்கே ஒரு குடும்பம் என்று பேசுவது ஊருக்கெல்லாம் வாடிக்கை. சிரிப்பு ஓய்ந்துவிட்டது, ஆனால் அது என் மனசில் தைத்த முள்ளாகத் தங்கிவிட்டது. கிழவியோ குமரியோ, ஒரு குழந்தையின் பாதத்தை மனசில் வைத்துக்கொண்டு ஒரு பெண்தான் இதைப் பின்னியிருக்கிறாள் என்பது எனக்கு நிச்சயம். அவள் யாருடைய குழந்தையை நினைத்துப் பின்னினாள்? அந்தக் காலுறையை நான் ஒரு நாளும் குழந்தைக்குப் போடவில்லை. டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டேன். அவரும் அதைப் பற்றிப் பிறகு வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் குடித்தனம் நடத்துவது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. பெண்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டாம்.

2024 ஆனிக் கடைசியில் கிளம்பினோம். ஆத்தூர், சேலம், பெங்களூர், ஹைதராபாத், நாகபுரி என்று வழி நேர்தான். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை போகும் 44-ம் நம்பர் ரஸ்தா. முதல் நாளே மின்விசிறி பெல்ட் அறுந்தது. அது ஒரு மணி நேர வேலை. பெரிய வேலை நாகபுரி தாண்டி, பெஞ்ச் காட்டைக் கடந்து சிவனிக்கு அருகில் வந்தது. அந்தக் காட்டில் மிருகங்கள் அடியில் நடந்து போகட்டும் என்று ரஸ்தாவைப் பாலம் பாலமாகத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். புலி வரும், மான் வரும் என்று நான் ஜன்னலில் தொத்திக்கொண்டு வந்தேன். வந்தது கருகிய வாடை. கிளட்ச் தட்டு போய்விட்டது.

மூன்று நாள் ஒரு பட்டறை முற்றத்தில் குடித்தனம்! தட்டு வேறு ஊரிலிருந்து வர வேண்டும். பட்டறைக்காரரின் மனைவிக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இந்தி தெரியாது. முதல் நாள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். இரண்டாம் நாள் அவள் என் சின்ன வெங்காயத்தை எடுத்து, இது என்ன வெங்காயத்தின் குட்டியா என்பதுபோல் கையைக் குறுக்கிக் காட்டினாள். சாம்பார் வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் நாங்கள் கிளம்பும்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனைக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு வார்த்தை முழுசாகப் போய்ச் சேரவில்லை.

டில்லியை இரவோடு இரவாகத் தாண்டினோம். சண்டிகருக்கு அப்பால் சட்லெஜ் கரையில் கீரத்பூர் சாஹிப் என்று ஓர் ஊர். சீக்கியர்கள் தங்கள் வீட்டில் காலமானவர்களின் அஸ்தியைக் கொண்டுவந்து கரைக்கும் இடம். அவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"88-ல் பதினோரு நாள் இங்கேதான் சாப்பிட்டேன். முன்னாலும் பின்னாலும் ரோடு இல்லை. லாரிகள் வரிசையாக நின்றன. ஆப்பிள் அழுகி ஒழுகிற்று. இவர்கள் ஒரு வேளைகூடச் சோறு போடத் தவறவில்லை."

அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் பெய்த மழையில் சட்லெஜ், பியாஸ், ராவி எல்லாம் கரை புரண்டு பஞ்சாபையே மூழ்கடித்தது சரித்திரம். அதை நான் மறுக்க முடியாது. குருத்வாராவில் தரையில் உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டோம். எனக்குப் பரிமாறிய அம்மாளுக்கு என் வயசுதான் இருக்கும். "இருக்கும்" என்று மட்டும் அவரிடம் சொன்னேன். வெள்ளம் நிஜமாக இருந்தால் கிழவியும் நிஜமாக இருக்க வேண்டுமா, என்ன?

மண்டிக்கு அப்பால் பண்டோவில் மலை எங்களுக்காகவும் சரிந்தது. சரிவு என்று பேப்பரில் படிப்பது வேறு. கண்ணால் பார்ப்பது வேறு. மழைக்குப் பிறகு வெயில் அடிக்கிறது, பறவை கத்துகிறது, அப்புறம் நெல் மூட்டையைக் கொட்டுவதுபோல ஒரு சத்தம். ரஸ்தா இருந்த இடத்தில் ரஸ்தா இல்லை! ஒரு ராத்திரி முழுவதும் நூற்றுக்கணக்கான வண்டிகளோடு நின்றோம். அவர் மட்டும் பிறந்த வீட்டுக்கு வந்தவர்போல நடமாடினார். எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தப் பாறைக்குக் கீழே வண்டியை நிறுத்தக் கூடாது என்று எல்லாருக்கும் சொன்னார். யாரோ ஒரு கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச எங்கள் அடுப்பைக் கொடுத்தார். ஒரு மனிதருடைய உத்தியோகத்தை அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மறுநாள் சின்ன வண்டிகளைக் கட்டௌலா வழியாகச் சுற்றிப் போகச் சொன்னார்கள். ஒற்றை வண்டி போகும் மலைப் பாதை. எதிரே வண்டி வந்தால் யார் பின்னால் போவது என்று கண்ணாலேயே பேசிக்கொள்ள வேண்டும். பஜௌராவில் மறுபடி பெரிய ரஸ்தாவைப் பிடித்தபோதுதான் என் பிராணன் திரும்பி வந்தது.

மணாலிக்கு மேலே 9 கிலோமீட்டர் நீளச் சுரங்கப் பாதை ஒன்று இருக்கிறது. 2020-ல் திறந்தது. முன்பெல்லாம் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதங் கணவாயில் ஏறி இறங்க வேண்டுமாம். இப்போது பதினைந்து நிமிஷம். இந்தப் பக்கம் தேவதாரு மரமும் மழையும். அந்தப் பக்கம் வந்தால் மரத்தைத் தேட வேண்டியிருக்கிறது. மொட்டை மலை, நீல வானம், உச்சியிலே வெள்ளை வெளேரென்று பனி! "பார்த்துக்கோ, பாக்கி தீர்ந்தது" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "தூரத்தில் காட்டினால் பாதிதான் தீரும்" என்றேன்.

தாண்டியில் சந்திரா நதியும் பாகா நதியும் கூடுகின்றன. அங்கே உள்ள பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று எழுதிய பலகை வெகு பிரசித்தம். அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர் இல்லை. நாங்களும் எடுத்துக்கொண்டோம். டீசலை மூன்று கேனில் ரொப்பிக்கொண்டு கேலாங்கில் நிற்காமல் ஜிஸ்பாவுக்குப் போய் ராத் தங்கினோம்.

இனி நடந்தது என் குற்றம். மலையில் ஓடைகளைக் காலையில் கடந்துவிட வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகித் தண்ணீர் கூடும் என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். நான் இட்லி மாவு கரைத்து வைத்திருந்தேன். குளிரில் மாவு பொங்குமா? கம்பளி சுற்றி, பக்கத்தில் படுக்க வைத்து, "இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்" என்று ஒன்பது மணி ஆக்கிவிட்டேன். மாவு பொங்கவில்லை, ஓடைதான் பொங்கிற்று. தார்ச்சா தாண்டி, சிங்சிங்பாருக்குச் சற்று முன்னால், பாதி ஓடையில் எஞ்சின் நின்றது. சக்கரத்துக்கு மேலே தண்ணீர். உள்ளே வெங்காயம் மிதக்கிறது!

ரஸ்தா வேலை செய்யும் கூலியாட்கள் இருபது பேர் ஓடிவந்தார்கள். ஜார்க்கண்ட் மாகாணத்துத் தும்கா பக்கத்துப் பிள்ளைகளாம். கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள். அதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. கல்லைப்போலிருந்த என் இட்லியைப் பொடி தொட்டுக்கொண்டு அவர்கள் சாப்பிட்ட அழகை நான் மறக்க மாட்டேன்.

அன்று ராத்திரி அங்கேயே தங்கினோம். 4,200 மீட்டருக்கு மேல் உயரம். அங்கே தண்ணீர் 86 டிகிரிக்கே கொதித்துவிடும். திறந்த பானையில் அரிசி போட்டால் கொதிக்கும், கொதிக்கும், வேகாது. குக்கர் இல்லாத பெண்பிள்ளை அங்கே குடித்தனம் நடத்த முடியாது. நான் குக்கரின் விசிலை எண்ணிக்கொண்டிருந்தபோது அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு வாந்தி. நடுநிசிக்கு மூச்சு இரைத்தது.

"ஒன்றுமில்லை. காலையில் பாராலாச்சா கணவாயைத் தாண்டிவிட்டால் சரியாகிவிடும்" என்றார்.

உயரத்தில் வரும் நோய்க்கு மருந்து, இறங்குவதுதான். மேலே ஏறினால் ஆளையே கொண்டுபோகும். அதை அவரே வழியெல்லாம் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு வந்தவர்! முப்பத்தெட்டு வருஷத்தில் நான் அவருடைய வண்டிச் சாவியைத் தொட்டதில்லை. அன்று எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

"என்னங்க, எனக்கு லே வேண்டாம்."

"வாக்குக் கொடுத்தேனே."

"கொடுத்தவர் இருந்தால் போதும்."

விடிந்ததும் பஞ்சாப் லாரி ஒன்றிலிருந்த மாற்று டிரைவர், இருபது வயசுப் பையன், எங்கள் வண்டியைக் கேலாங் வரை ஓட்டி வந்தான். காசு கொடுத்தேன். வாங்கவில்லை. அவர் பக்கம் கையைக் காட்டி, "டிரைவர்" என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டு, எதிரே வந்த லாரியில் ஏறிப் போய்விட்டான். கேலாங் ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்தார்கள். மத்தியானத்துக்குள் முகம் தெளிந்தது. மூன்று நாள் அசையக் கூடாது என்று உத்தரவு.

மூன்றாம் நாள் காலையில், அவரை வண்டியில் உட்கார வைத்துவிட்டுக் காய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் பெருங்காயத்தைப் பற்றி ஒரு சேதி சொன்னார். நம் நாட்டுச் சமையலுக்கு இத்தனை காலமும் வெளிதேசத்துப் பெருங்காயம்தான். 2020 அக்டோபரில் பாலம்பூர் ஆராய்ச்சிக் கூடத்தார் ஈரான் விதையில் முளைத்த நாற்றை இந்த லாஹூல் பள்ளத்தாக்கில் குவாரிங் என்ற கிராமத்தில்தான் முதன்முதலாக நட்டார்களாம். பால் எடுக்க ஐந்து வருஷம் ஆகுமாம். ஊருக்குப் போய்ச் சொல்ல நல்ல சேதி கிடைத்தது என்று திரும்பினேன்.

ரஸ்தாவின் திருப்பத்தில் வெயிலுக்காகச் சுவரோரம் நாலைந்து கிழவிகள் உட்கார்ந்திருந்தார்கள். பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமல், ஊசியால் பின்னிக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு துணியை விரித்து அடுக்கியிருந்தார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, கட்டம் கட்டமாக. பெரியவர்களுக்கு, பிள்ளைகளுக்கு, கைக்குழந்தைக்கு. நூறு ஜோடி இருக்கும்!

நான் அங்கேயே கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். லாஹூல் காலுறை என்று இந்தப் பள்ளத்தாக்குக்கே உரிய சாமானாம். 2021-ல் புவிசார் குறியீடுகூட வாங்கியதாம். குளிர்காலம் முழுவதும் பெண்கள் பின்னி, வெயில் காலத்தில் குலு வரை கொண்டுபோய் விற்பது வழக்கமாம். கிழவிகளில் ஒருத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் குவளைத் தேநீரை என் பக்கம் நகர்த்தினாள்.

மகளுக்குப் போன் செய்தேன். "அம்மா டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு கம்பளிக் காலுறை இருக்கும், பார்" என்றேன்.

"அதுவா? எப்பவோ பூச்சி அரித்து ஒன்றுதான் மிச்சம். ஏம்மா, அப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"நன்றாயிருக்கிறார்" என்று வைத்துவிட்டேன்.

கைக்குழந்தை அளவில் ஒரு ஜோடியை எடுத்தேன். எங்கள் வீட்டில் இப்போது கைக்குழந்தை எதுவும் இல்லை. கிழவி விரலைக் காட்டி விலை சொன்னாள். கேட்ட காசைக் கையில் வைத்துவிட்டு நிமிர்ந்தால், கம்பளியைப் போர்த்திக்கொண்டு எனக்குப் பின்னால் அவர் நிற்கிறார்! எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. பேரம் பேசாமல் நான் ஒரு சாமான் வாங்கியதை அவர் ஆயுசில் கண்டதில்லை.

என் கையிலிருந்ததைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உனக்கும் தலை வலிக்கிறதா?" என்றார்.