ஒன்றரை மீட்டர் கம்பி

நண்பர் போனில் கூப்பிட்டார். "ஆம்ப்ளிபயருக்குப் புது பவர் கார்டு வாங்கியிருக்கேன் ஓய். வந்து கேளும்!" ஒன்றரை மீட்டர்; விலை 18,000 ரூபாய். பென்ஷன் பணம்.

நான் தொலைபேசி இலாகாவில் 34 வருஷம் ஒயரோடு மல்லுக்கட்டியவன். வாய் சும்மா இருக்குமா? டிரான்ஸ்பார்மரிலிருந்து தெரு நெடுக அலுமினியக் கம்பியில் வருகிற கரண்ட், சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்றரை மீட்டரில் எப்படி ஐயா சுத்தமாகும் என்றேன். அவர் மசியவில்லை. கண்ணை மூடச் சொல்லி, பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிச் செருகினேன். பத்துக்கு ஐந்து சரி. காசு சுண்டினாலும் ஏறக்குறைய அதுதான் வரும். (2007-இல் ஜேம்ஸ் ராண்டி, 7,000 டாலருக்கு மேல் விலையுள்ள ஸ்பீக்கர் கேபிளை மலிவானதிலிருந்து காதால் பிரித்துச் சொன்னால் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்தார். பரிசை யாரும் வாங்கவில்லை.)

நண்பர் முகம் வாடிவிட்டது. பேசாமல் ஒரு கேசட்டை எடுத்தார். 1986-இல் அவர் மனைவி வீட்டில் பாடியது. அந்த அம்மாள் போய் நாலு வருஷமாகிறது. குரல் கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி மங்கிவிட்டதாம். கார்டு அதற்குத்தான்.

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. டெக்கைத் திறந்தேன். ஹெட்டில் பழுப்பாக அழுக்கு. அது இருந்தால் டேப் ஹெட்டில் சரியாகப் படியாது. கீச்சான ஒலிகள்தான் முதலில் போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன்.

மறுபடி போட்டோம். இரைச்சல் இருந்தது. ஆனால் பாட்டை நடுவில் நிறுத்தி, "அடுப்புல பால் இருக்கு, பாருங்கோ" என்று அந்த அம்மாள் சொன்னது தெளிவாகக் கேட்டது.

நண்பர் மூன்று தடவை ரீவைண்ட் செய்தார். கார்டைத் திருப்பிக் கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை.