ஷ்மியைப் பார்த்த ஒரே ஜெடாய்

ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் நாலு பேர் ஒன்றாகக் கூடினால் ஒரு சண்டை நிச்சயம். அனகின் ஸ்கைவாக்கர் ஏன் டார்த் வேடராக மாறினான்? காதல் என்பார் ஒருவர். அதிகார ஆசை என்பார் இன்னொருவர். பால்படீனின் சூழ்ச்சி, ஜெடாய்களின் மெத்தனம் என்று காரணங்கள் நீளும். கடைசியில் யாராவது ஒருவர் எல்லாம் வசனம் எழுதியவர் செய்த வேலை என்று சொல்லிச் சிரிக்க வைப்பார்.

1977-ல் வந்த முதல் படத்திலேயே வேடர் கறுப்புக் கவசத்தோடு வந்து நின்றுவிட்டார். 1980-ல் அவர் தான் லூக்கின் அப்பா என்பதும் தெரிந்துவிட்டது. ஆகவே 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று முன்கதைப் படங்களுக்கும் முடிவு என்னவென்று தியேட்டருக்குள் நுழையும் போதே எல்லோருக்கும் தெரியும். எப்படி அங்கே போய்ச் சேர்ந்தான் என்பது மட்டும் தான் பாக்கி. அதற்கான விடை முதல் படத்திலேயே, க்வாய்-கான் ஜின் செத்து விழும் இடத்தில் இருக்கிறது.

அனகினுக்கும் க்வாய-கானுக்கும் இருந்த பழக்கம் எவ்வளவு? சில நாட்கள் தான். அதற்குள் அப்படி என்ன பெரிய குரு-சீடன் உறவு வந்துவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாள் பயிற்சி என்று பார்த்தால் க்வாய்-கான் அவனுக்கு ஒன்றுமே கற்றுத் தரவில்லை. ஆனால் அந்தச் சில நாட்களில் அவர் எங்கே இருந்தார் என்று பாருங்கள்.

டாட்டூயின் கிரகத்தில் மணற்புயல் அடிக்கிறது. ஒன்பது வயது அடிமைப் பையன் ஒருவன் முன்பின் தெரியாதவர்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறான். அவன் அம்மா ஷ்மி, இருப்பதை வைத்து எல்லோருக்கும் சாப்பாடு போடுகிறாள். அந்த மேசையில் க்வாய்-கான் உட்கார்ந்து சாப்பிடுகிறார். அந்தப் பையனுக்கு அப்பா இல்லை என்பதை அவள் வாயாலேயே கேட்கிறார். பிறகு அடிமைகளின் முதலாளி வாட்டோவிடம் பந்தயம் கட்டி, அவனை மீட்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்து அழைத்துப் போகிறார்.

இதெல்லாம் நடக்கும் போது ஓபி-வான் கெனோபி எங்கே? பழுதான கப்பலில், ஊருக்கு வெளியே. அவர் அந்த வீட்டுக்கு வரவே இல்லை. ஷ்மியை உயிரோடு ஒரு முறை கூடப் பார்த்ததில்லை. அனகின் அவருக்கு முதலில் அறிமுகமானதே ஒரு ரத்தப் பரிசோதனையாகத் தான். க்வாய்-கான் அனுப்பிய மாதிரியைச் சோதித்து, எண்ணிக்கை இருபதாயிரத்துக்கு மேல், யோடாவை விட அதிகம் என்று வியக்கிறார். பையன் கப்பலுக்கு வருவதற்கு முன்பே, இன்னொரு உதவாக்கரை உயிரைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்களா என்கிற தொனியில் கிண்டல் வேறு.

ஜெடாய் மன்றத்தில் என்ன நடக்கிறது? அங்கேயும் அம்மாவைப் பற்றிய பேச்சு வருகிறது. அவளை இழந்துவிடுவோமோ என்று பையன் பயப்படுவதை மன்றத்தினர் கண்டுபிடிக்கிறார்கள். அதை அவனுடைய குறையாக எழுதிக்கொள்கிறார்கள். வயது கூடிவிட்டது, பயம் இருக்கிறது, பயிற்சி கிடையாது என்று தீர்ப்பு. இவனை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று அந்த அறையில் எழுந்து சொன்னவர் க்வாய்-கான் ஒருவர் தான். பக்கத்தில் நின்ற சொந்தச் சீடன் ஓபி-வானின் முகம் வாடுவதைக் கூட அவர் கவனிக்கவில்லை. (அது அவர் செய்த தவறு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

பிறகு நபூ. க்வாய்-கானை டார்த் மால் கொல்கிறான். அப்போது அனகின் விண்வெளியில் ஒரு போர் விமானத்தில் உட்கார்ந்து எதிரியின் கப்பலைத் தகர்த்துக்கொண்டிருக்கிறான். வாழ்க்கையிலேயே மிகச் சந்தோஷமான தருணம் அவனுக்கு. ஜெயித்துவிட்டுத் தரையிறங்குகிறான். அவனைப் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்த மனிதர் இல்லை. சிதை எரியும் போது ஓபி-வானிடம், இனி எனக்கு என்ன ஆகும் என்று கேட்கிறான். நீ ஜெடாய் ஆவாய் என்று பதில் வருகிறது. வாக்கு மாறாத பதில். ஆனால் பையன் கேட்டது வேலையைப் பற்றியா?

இங்கே ஒரு ஆட்சேபணை வரும். அதே குருவை அதே நாளில் இழந்தவர் ஓபி-வானும் தானே? அவர் கெட்டுப்போகவில்லையே? கண்ணெதிரில் குரு குத்துப்பட்டதைப் பார்த்து அவரும் ஆத்திரத்தோடு தான் பாய்ந்தார். மால் அவரைப் பள்ளத்தில் தள்ளினான். தொங்கிக்கொண்டிருந்த போது தான் நிதானம் வந்தது. மேலே கிடந்த குருவின் வாளையே வரவழைத்து வெட்டினார். பல வருடப் பயிற்சி கைகொடுத்தது. குருவின் உயிர் மடியில் பிரிந்தது, கடைசி வார்த்தையையும் கேட்டார். துக்கத்தை முடிக்க ஒருவருக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் ஓபி-வானுக்குக் கிடைத்தன. அனகினுக்குக் கிடைத்தது எரிகிற சிதை மட்டும். போதாததற்கு, அதே சவச் சடங்கில் பால்படீனும் நிற்கிறார். அந்தக் கொலைகாரனை ஏவியவர். உன் வளர்ச்சியை ஆர்வத்தோடு கவனிப்போம் என்று சற்று முன் தான் அன்பாகச் சொல்லியிருந்தார்!

டேவ் ஃபிலோனி 2020-ல் வந்த ஒரு ஆவணத் தொடரில் இதைப் பற்றிப் பேசினார். அந்த வாள் சண்டையில் பணயமாக இருந்தது அனகினின் தலைவிதி, க்வாய்-கான் அவனுக்குத் தந்தையாக இருந்திருப்பார், ஓபி-வான் அண்ணனாகத் தான் இருக்க முடிந்தது என்பது அவர் கருத்து. சரியான பார்வை. இரண்டாம் படத்தில் அனகின் ஓபி-வானைத் தந்தைக்கு நிகர் என்கிறான். மூன்றாம் படத்தின் முடிவில், எரிமலைக் கரையில் வீழ்ந்து கிடப்பவனைப் பார்த்து, நீ என் சகோதரன் என்று ஓபி-வான் கதறுகிறார். ஒருவர் தேடிய உறவு ஒன்று, மற்றவர் கொடுத்தது வேறொன்று.

ஆனால் தந்தை என்பதை விடவும் க்வாய்-கான் ஒரு சாட்சி. ஜெடாய் கோயில் முழுவதிலும் அந்த அம்மாவின் முகம் தெரிந்தவர், அவள் கையால் சாப்பிட்டவர் அவர் ஒருவரே. அவர் போன பிறகு பத்து வருடங்கள் ஓடுகின்றன. வாட்டோ அவளை விற்றுவிட்டான், வாங்கிய விவசாயி அவளை விடுதலை செய்து மணந்துகொண்டார் என்பது கூட மகனுக்குத் தெரியாது. அம்மா துன்பப்படுவதாகக் கனவு வருகிறது என்று சொன்னால், கனவுகள் போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார் ஓபி-வான். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. பார்த்திராத ஒரு பெண்ணைப் பற்றி அவர் வேறு என்ன சொல்வார்? அனகின் போய்ச் சேரும் போது அவள் அவன் கைகளிலேயே இறக்கிறாள். அந்த இரவில் அந்த முகாமில் அவன் யாரையும் மிச்சம் வைக்கவில்லை, குழந்தைகள் உட்பட.

அந்த மேசையில் சாப்பிட்ட இன்னொருவர் பத்மே. (ஜார் ஜார் பிங்க்ஸும் இருந்தார். நாக்கை நீட்டிப் பழம் எடுத்தாரே, மறக்க முடியுமா!) ஆகவே பத்மே செத்துப் போவதாகக் கனவு வரும் போது அவன் பயப்படுவது மனைவிக்காக மட்டும் அல்ல. அவனை அந்த வீட்டுப் பையனாக அறிந்த கடைசி மனுஷியும் போகப் போகிறாள். யோடாவிடம் போகிறான். இழக்கப் பயப்படுவதை எல்லாம் விட்டுவிடப் பழகு என்கிறார் யோடா. பால்படீனிடம் போகிறான். சாவைத் தடுக்க வழி இருக்கிறது என்கிறார் அவர். யாரிடம் மண்டியிட்டான் என்பது தெரிந்த கதை.

க்வாய்-கான் உயிரோடு இருந்திருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும் என்று அடித்துச் சொல்வது ரசிகர்களின் ஆசை. அவரும் ஷ்மியை விட்டுவிட்டுத் தானே போனார்? இரண்டு அடிமைகளைத் தர வாட்டோ மறுத்த போது பகடை உருட்டினார்கள். நீலம் விழுந்தால் மகன், சிவப்பு விழுந்தால் அம்மா. ஃபோர்ஸைக் கொண்டு பகடையை நீலத்துக்குத் திருப்பியது க்வாய்-கான் தான். தேர்ந்தெடுத்தது அவர், விலை கொடுத்தது அவள். திரும்பி வந்து மீட்டிருப்பாரா என்பதற்கு உத்தரவாதம் எதுவும் படத்தில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டிருக்கலாம். மற்ற ஜெடாய்களிடம் அதைக் கேட்கவே முடியாது.

இறந்த பிறகும் நிலைத்திருக்கும் வழியைக் க்வாய்-கான் கண்டுபிடித்துவிட்டதாக மூன்றாம் படத்தின் கடைசியில் யோடா சொல்கிறார். சாவை வெல்லும் வித்தைக்காக அனகின் தன்னையே விற்று முடித்த பிறகு! சொன்னதும் ஓபி-வானிடம்.

கைக்குழந்தை லூக்கைத் தூக்கிக்கொண்டு ஓபி-வான் டாட்டூயினுக்குப் போகிறார். குழந்தையை அவர் ஒப்படைக்கும் பண்ணையில் தான் ஷ்மியைப் புதைத்திருக்கிறார்கள். அடுத்த பத்தொன்பது வருடங்கள் அவர் அந்த மணலிலேயே, அந்தப் பண்ணையைத் தூரத்தில் இருந்து பார்த்தபடி வாழ்கிறார்.