தளர்ந்தவர் நடையில் ஒரு மலைப் பயணம்



கோடை விடுமுறை வந்துவிட்டால் வீட்டில் வரைபடம் விரிகிறது. பிள்ளைகள் ஊர்களை அடுக்குகிறார்கள். தந்தை செலவைக் கூட்டிப் பார்க்கிறார். வீட்டின் மூத்தவரோ, "நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கேயே இருந்துகொள்கிறேன்" என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறார். அச்சொல்லை நாம் எத்தனை எளிதாக நம்பிவிடுகிறோம்!

என் தங்கை குடும்பத்தார் அமெரிக்காவின் டென்வர் நகரில் வாழ்கிறார்கள். எழுபதைக் கடந்த எங்கள் உம்மா ஒரு மாதம் முன்னரே அங்குச் சென்றிருந்தார்கள். மதரஸா விடுமுறையில் நானும் போய்ச் சேர்ந்தேன். ஜூன் மாதக் கடைசியில், வடக்கே உள்ள வயோமிங் மாநிலத்தின் மலைகளையும் மாட்டுப் பண்ணைகளையும் காணத் திட்டமிட்டோம். அப்பண்ணைகளை அங்கே 'ராஞ்ச்' என்கிறார்கள். தங்கை மகன் நான்கே நாட்களில் எல்லாவற்றையும் பார்த்துவிடும்படி ஒரு பட்டியல் தயாரித்திருந்தான். உம்மா அதைக் கேட்டுவிட்டு, மேலே நான் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னார்கள்.

அன்றிரவு மச்சானும் நானும் அமர்ந்து அப்பட்டியலைத் திருத்தினோம். நாங்கள் கருத்தில் கொண்டவை உங்களுக்கும் பயன்படலாம்.

தூரமும் உயரமும்

வயோமிங்கின் பரப்பு ஏறத்தாழ 2,53,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழகத்தைப் போல் இரு மடங்குக்குச் சற்றே குறைவு. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையோ ஆறு இலட்சத்தைக்கூட எட்டவில்லை. எனவே ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே மணிக்கணக்கில் கடையோ பெட்ரோல் நிலையமோ தென்படாத சாலைகள் உண்டு. கைப்பேசியும் பல இடங்களில் ஊமையாகிவிடும். தாள் வரைபடமும், நிறைந்த எரிபொருளும், குடிநீரும் கட்டாயம் தேவை.

டென்வரிலிருந்து முதலில் நாங்கள் செல்ல எண்ணிய ஷெரிடன் ஊர் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி செல்லும் தொலைவு அது. ஒரே நாளில் போவதாக இருந்ததை, வழியில் காஸ்பர் நகரில் இரவு தங்கி இரண்டு நாளாக்கினோம்.

உயரம் அதைவிடப் பெரிய கவலை. டென்வரே கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. யெல்லோஸ்டோன் பூங்காவின் பெரும்பகுதி நம் உதகமண்டலத்துக்கு இணையானது, அல்லது அதனினும் உயர்ந்தது. மெலிந்த காற்றில் முதியோருக்கு மூச்சு வாங்கும். "பகலில் உயரம் ஏறினாலும் இரவில் தாழ்வான ஊரில் உறங்குங்கள்" என்று மருத்துவர் சொன்னார். ஷெரிடனோ 4,000 அடிக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. ஆகவே அங்கே ஒரு நாள் முழு ஓய்வு என எழுதிக்கொண்டோம்.

தாய்மார்களுக்கு ஒரு செய்தி. சிற்றூர்களில் ஹலால் இறைச்சி கிடைப்பது அரிது. அரிசி, பருப்பு, ஊறுகாய், கருவாடு யாவும் எங்களுடன் பயணம் செய்தன. உயரத்தில் தண்ணீர் 100 பாகையை எட்டுமுன்பே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது, குக்கர் அவசியம். ஜூனிலும் மலையில் இரவு குளிர் நடுக்கும். சூரியன் மறைய ஏறத்தாழ ஒன்பது மணியாகிறது. ஆகவே பயணிக்குரிய தொழுகைச் சலுகைகளை அவரவர் மத்ஹபின்படி முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். மேற்கு நோக்கித் தொழுது பழகிய நமக்கு அங்கே கிப்லா வடகிழக்காக இருப்பதும் புதுமைதான்.

ஷெரிடனில் ஒரு முஸ்லிம்

மாட்டுக்காரர்களின் ஊரான ஷெரிடனில் நம்மவர் ஒருவரின் வரலாறு இருப்பதை மச்சான் சொன்னார். கைபர் கணவாய்ப் பகுதியிலிருந்து வந்த ஜரீஃப் கான் என்பவர் 1909 அளவில் அங்குக் குடியேறினார். தமாலே என்பது சோளமாவில் இறைச்சி வைத்துத் தோகையில் சுற்றி அவிக்கும் மெக்சிகோ பலகாரம். அதைத் தெருவில் விற்றுத் தொடங்கி, பின்னர் கடையும் வைத்தார். 1925-இல் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. வெள்ளையர் அல்லர் என்ற காரணத்தால் மறு ஆண்டே அது பறிக்கப்பட்டது. 1954-இல் மீண்டும் பெற்றார். அவ்வளவு காலமும் அவர் அவ்வூரை விட்டுப் போகவில்லை. இதைக் கேட்ட உம்மா, "பொறுத்திருந்திருக்கிறார்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார்கள்.

மலைப்பாதையில்

நான்காம் நாள் பிக்ஹார்ன் மலையில் ஏறினோம். அப்பாதையின் கணவாய் சுமார் 9,000 அடி. நம் தொட்டபெட்டாவையும் மிஞ்சியது. பாதி வழியில் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. சாலை நிறைய மாடுகள்! குளிர்காலத்தில் அடிவாரப் பண்ணைகளில் நிற்கும் மாடுகளைக் கோடையில் மலைப் புல்வெளிகளுக்கு ஓட்டிச் செல்வதும், இலையுதிர் காலத்தில் திரும்ப இறக்குவதும் அந்நாட்டு வழக்கம். தாய்ப்பசுக்களுடன் அவ்வாண்டுக் கன்றுகளும் நடந்தன. குதிரை மீதிருந்தோரில் இருவர் மந்தையின் கடைசியில் வந்தனர். களைத்த கன்று நின்றால் அவர்களும் நின்றனர். அது நடந்த பின்பே நகர்ந்தனர். அரை மணி நேரம் எங்கள் வண்டியும் ஊர்ந்தே சென்றது. தங்கை மகன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கணவாயை நெருங்கியபோது உம்மாவுக்கு மூச்சுத் திணறியது. உதடு சற்றே நீலம் பாரித்தது. எங்கள் நெஞ்சு பட்ட பாட்டை அல்லாஹ்வே அறிவான். உயரத்தால் வரும் துன்பத்திற்கு முதல் மருந்து இறங்குவதே. எங்கும் நிற்காமல் மறுபுறம் இறங்கினோம். சமவெளி வந்ததும் உம்மாவின் முகம் தெளிந்தது. அன்று மாலையே கோடி என்னும் ஊரில் மருத்துவரிடம் காட்டினோம். அவர் சோதித்துவிட்டு இரண்டு நாள் ஓய்வெடுக்கச் சொன்னார். பின்பு உடல் இசைந்தால் யெல்லோஸ்டோனைப் பகலில் பார்க்கலாம், மலைமேல் இரவு தங்க வேண்டாம் என்றார்.

உம்மா மீண்டும், "என்னை விட்டுவிட்டு நீங்கள் போங்கள்" என்றார்கள். எல்லோரும் தங்கை மகனைப் பார்த்தோம். அவன் நெடுநாள் கனவு கண்டது 13,775 அடி உயர்ந்த கிராண்ட் டீட்டன் சிகரத்தை. அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பட்டியலை எடுத்து, டீட்டன் என்ற வரியைத் தானே கோடிட்டு அடித்தான்.

மூன்றாம் நாள் யெல்லோஸ்டோன் போனோம். 1872-இல் ஏற்பட்ட, உலகின் முதல் தேசியப் பூங்கா அது. காட்டெருமைகளிடமிருந்து 75 அடியும், கரடி, ஓநாய்களிடமிருந்து 300 அடியும் விலகி நிற்க வேண்டும் என்பது சட்டம். கொதிநீர்க் குளங்களைச் சுற்றியுள்ள பலகைப் பாதையை விட்டு இறங்கவே கூடாது. மேலே மண்போல் தெரிவது மெல்லிய ஓடுதான். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

'ஓல்டு ஃபெய்த்ஃபுல்' என்னும் வெந்நீர் ஊற்று ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு ஒரு முறை நூறடிக்கும் மேலாக எழும்புகிறது. அதன் எதிரே இருந்த பலகையில் உம்மாவை அமர்த்தினோம். ஊற்று சீறி எழுந்தபோது "சுப்ஹானல்லாஹ்" என்று அவர்கள் சொன்ன குரலில் திணறல் இல்லை. பேரன் அவர்கள் கையைப் பிடித்தபடி நின்றான்.

பயணங்களில் பெருமானார் (ஸல்) அவர்கள் கூட்டத்தின் பின்னே வந்து, தளர்ந்தவர்களை ஊக்கி, இயலாதவரை ஏற்றிக்கொண்டு செல்வார்கள் என்பதை மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வருகிறேன். அதன் பொருளை நான் முழுமையாக உணர்ந்தது அந்தப் பிக்ஹார்ன் மலைச் சாலையில்தான்.

வாசகர்களே! நீங்கள் கொடைக்கானல் போனாலும் கடல் கடந்து போனாலும், பட்டியல் எழுதும்போது வீட்டில் மிகத் தளர்ந்தவரின் பெயரை முதலில் எழுதுங்கள். அவர் எவ்வளவு தூரம் வர இயலுமோ, அதுவே உங்கள் பயணத்தின் தூரம். பார்க்காமல் விட்ட இடம் மறு ஆண்டும் அங்கேயே இருக்கும். இன்ஷா அல்லாஹ், என் மருமகனும் டீட்டனைக் காண்பான்.